நூற்றிருபது செடி

பாகா எல்லைச் சாவடி தாண்டிப் பதினேழாவது கிலோமீட்டரில்
வெங்காய மூட்டைகளோடு லாரி படுத்துவிட்டது.
அச்சு முறிந்த சத்தத்தில்
கினிக்கோழிகள் சிதறி ஓடின.
ஓட்டுநர் அத்துபிகா இறங்கிப் பார்த்து
காதில் செருகியிருந்த சிகரெட்டைப் பற்றவைத்தான்.
பற்றவைத்த விதத்திலேயே தெரிந்தது,
இன்றைக்கில்லை.

லாரி நின்ற இடத்துக்கு லாரிபா வந்தாள்.
பெயருக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை,
புதன்கிழமை பிறந்தவள் என்று அர்த்தமாம்.
கையில் சுரைக்குடுக்கை,
கம்பு மாவும் இஞ்சியும் கரைத்த தண்ணீர்.
யார் என்று கேட்கவில்லை.
எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
குடித்து முடித்துக் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான்
வழி எப்படி இருந்தது என்றாள்.
வாய் நனையாதவனிடம் கேள்வி கேட்பது
அங்கே மரியாதை இல்லை என்றான் அத்துபிகா.
எல்லையில் என்னிடம் நாற்பது கேள்வி கேட்ட அதிகாரியை
நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள்.
மண்சுவர் வட்ட வீடொன்றில் எனக்குப் பாய் விரித்தார்கள்.
வெளியே மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள்
கால் நீட்டி உட்கார்ந்து கூடை முடைந்தார்கள்.
புல்லைப் பல்லில் கடித்துப் பிளந்து
உள்ளங்கையில் வைத்து ஓர் உருட்டு,
முறுக்கேறிக் கயிறாகிவிடும்.
பேச்சு மட்டும் நிற்காது. பல்லிடுக்கில் புல்லோடு
யாரையோ கிண்டல் செய்து சிரித்தார்கள்.
என்னைத்தான்.

இந்தப் புல் எந்த ஆற்றங்கரையில் விளைகிறது என்று
பரவசமாகக் கேட்டேன்.
குமாசியிலிருந்து லாரியில் வருது,
கட்டு விலை போன மாசம் ஏறிப்போச்சு
என்றாள் அயின்போகா.
சாயம்?
கடையில் பொட்டலம்.
வெள்ளிக்கிழமை அறுபது கூடை போகணும்,
கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க,
புல்லு மேல கால்.

நானும் முடைந்தேன்.
இரண்டு மணி நேரத்தில் அடிப்பாகம் வந்தது,
பொரித்த அப்பளம் போல் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு.
லாரிபா வாங்கிப் பார்த்தாள்.
எதுவும் சொல்லாமல் பிரித்தாள். புல் வீணாகக் கூடாதே.
அதே புல்லில் அவள் முடைந்தது
வைத்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது.

வேளாவேளைக்குச் சோளக் களி, வெண்டைக்காய்க் குழம்பு.
மீன் துண்டு என் தட்டில் மட்டும் கிடப்பதை
மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.
கவனித்த பிறகு அதை விழுங்க முடியவில்லை,
விழுங்காமல் வைக்கவும் முடியவில்லை.

நான்காம் நாள் காலை
யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால்
புது அச்சு வந்தது.
என் பிழையைப் பிரித்து முடைந்த
அந்தக் கூடையைக் கேட்டேன்.
நூற்றிருபது செடி என்றாள்.
அந்த நாட்டில் பணத்துக்குப் பெயர் அது.
காதுக்குள் ஒரு தோட்டமே முளைத்து நின்றது.
பேரம் என் பிறவிக் குணம். எண்பது என்றேன்.
சிரித்தாள். நூற்றிருபது.
இத்தனை நாள் பழக்கத்துக்கு நூறு என்றேன்.
சிரிப்பு நின்றது.
சாப்பாட்டுக்கு நான் காசு கேட்டேனா?
இல்லை.
அப்ப கூடைக்கு எதுக்குப் பழக்கத்தைக் காட்டுறீங்க?

எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணி வாங்கினாள், இரண்டு முறை.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய்
கால் கட்டிய கினிக்கோழி ஒன்றைத் தூக்கி வந்து
கூடைக்குள் வைத்தாள்.
விருந்தாளி வெறுங்கையோடு போகலாகாது.
இது எவ்வளவு என்று கேட்டிருப்பேன்,
அத்துபிகா என் காலை மிதித்தான்.

தமாலே வரைக்கும்
மடியில் கூடை, கூடையில் கோழி,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கூச்சல்.
சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து
கோழி என்ன விலை என்றார்.
விற்பதற்கில்லை என்றேன்.
கூடை?
நூற்றிருபது.
ஒரு செடி குறையாது.